தொண்டையில் காரல் ஒளி

அறை ஒன்று. நான்காம் நாள். காலை 6.15

ஆழம் அறுபது மீட்டர். ஆக்ஸிஜன் அழுத்தம் 0.40, சரியான அளவு. மீதி ஹீலியம். தொட்டியில் காரல் மீன் ஆறு, ஆறும் நலம். தொண்டை ஒளிமானி: பூஜ்யம்.

இதை யார் எடுத்துப் படிக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாதவர் படித்தாலும் புரியும்படி எழுத வேண்டும் என்பது ஆய்வுக் கழகத்தின் விதி. ஆகவே ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் செல்மா மிராந்தா, நுண்ணுயிரியல். தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலடியில் இரண்டு இரும்பு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் நான். இருபது மீட்டர் தள்ளி மற்றதில் டாக்டர் கோமதி. ஜன்னலுக்கு ஜன்னல் எதிரெதிர். நினைத்தவுடன் மேலே போக முடியாது. உடம்பு இந்த அழுத்தத்துக்குப் பழகிவிட்டது, அதைப் படிப்படியாகக் குறைத்து வெளியே எடுக்கவே சில நாட்கள் ஆகும்.

காரல் மீனைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். தட்டையாக, வெள்ளிபோல் வெளேரென்று, சந்தையில் கூறு போட்டு விற்பார்கள். அதன் தொண்டையைச் சுற்றி ஒரு வளையம் உண்டு, அதற்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா. மீன் அவற்றுக்குச் சோறும் இடமும் கொடுக்கிறது, அவை வெளிச்சம் கொடுக்கின்றன. வெளிச்சம் வயிற்று வழியாகக் கீழே இறங்குவதால், கீழிருந்து பார்க்கும் எதிரிக்குக் காரலின் நிழல் தெரியாது. எந்தக் காரலும் பிறக்கும்போது இந்த ஒளியுடன் பிறப்பதில்லை. கடல் நீரிலிருந்து பாக்டீரியா வந்து குடியேற வேண்டும்.

மனிதத் தொண்டையிலும் குடியேறக்கூடிய ஒரு வகையை உருவாக்கியவள் நான். நான் என்ற சொல்லை அழுத்தி வாசிக்கவும். எங்கள் இருவர் தொண்டையிலும் எங்கள் சதையிலிருந்தே வளர்த்த ஒரு வளையம் தைத்திருக்கிறார்கள். யாருடைய தொண்டை நன்றாக ஒளிர்கிறதோ அவர் அடுத்த ஆண்டு ஆழ்கடல் நிலையத்துக்குப் போவார். விளக்கு வேண்டாம், மின்கலம் வேண்டாம், ஒளிரும் மீன்களுக்கு நடுவே ஒளிரும் மனிதராக வாழலாம். இடம் ஒருவருக்குத்தான். எனக்கு வயது நாற்பத்தொன்பது. ஐம்பதைத் தாண்டினால் அனுப்ப மாட்டார்கள்.

தொண்டையில் தையல் வலி. உப்பும் மஞ்சளும் போட்டு வெந்நீர் கொப்பளித்தேன். மருந்து எதுவும் எடுக்கவில்லை என்று அன்றாடப் படிவத்தில் குறித்தேன்.

நான்காம் நாள். மாலை 5.40

கோமதிக்கு ஒளி வந்துவிட்டது.

அவள் அனுப்பிய செய்தியை அப்படியே எழுதுகிறேன். ஹீலியம் கலந்த காற்றில் எல்லோருக்கும் வாத்துக் குரல்தான். கருவி அதைத் திருத்தி ஓரளவு மனிதக் குரலாக்கித் தருகிறது.

"மேடம், சீக்கிரம் ஜன்னல்ட்ட வாங்க. எரியுது மேடம். வாயத் தொறந்து கண்ணாடியில பாத்தேன், எனக்கே பயம் வந்துட்டு. எங்கம்மாட்ட சொன்னா நம்பவே மாட்டா."

போய்ப் பார்த்தேன். எதிர் அறையில் விளக்கை அணைத்துவிட்டு வாயைத் திறந்தபடி நின்றாள். கழுத்துக்குள்ளிருந்து நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சம். தோல் வழியாகவே தெரிந்தது. அழகாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வாழ்த்துச் சொன்னேன். வாத்துக் குரலில் ஒரு வசதி, மனசில் இருப்பது அதில் தெரியாது.

ஒரு விஷயத்தைப் பதிவு செய்ய வேண்டும். கோமதி திருநெல்வேலி. சுத்த சைவம், கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள். ஆய்வுக்கூடத்தில் காரல் குடலை அறுக்கும்போது மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வாள். என் அம்மா என்னைப் பெற்றுப் படுத்திருந்தபோது பால் ஊற வேண்டும் என்று மூன்று வேளையும் காரல் சாறுதான் கொடுத்தார்களாம். பல் முளைக்கும் முன்பே என் ரத்தத்தில் காரல் ஓடியது. இவ்வளவு இருந்தும் இந்தப் பாக்டீரியா போயும் போயும் சைவத் தொண்டையைத்தான் பிடித்திருக்கிறது.

இதற்கு ஒரு குணம் உண்டு. தனித்தனியாக இருந்தால் ஒளிராது. போதுமான கூட்டம் சேர்ந்துவிட்டது என்று ஒன்றுக்கொன்று தெரிந்த பிறகுதான் எல்லாம் சேர்ந்து எரியும். கல்யாண வீட்டில் ஆள் சேரும் வரை பந்தி போடாமல் காத்திருப்பது போல. என் தொண்டையில் இன்னும் ஆள் சேரவில்லை. நாளைக்குச் சேரும்.

ஒளிமானி: கோமதி 31. நான் பூஜ்யம்.

ஐந்தாம் நாள். காலை 7.05

ஆக்ஸிஜன் இரண்டு அறையிலும் 0.40. கோமதி 44. நான் பூஜ்யம்.

கடலில் திரியும் காரல் கூட்டம் ஒன்று அவள் ஜன்னலுக்கு வந்திருக்கிறது. இருநூறாவது இருக்கும். அவள் வாயைத் திறந்து மூடினால் அவையும் வயிற்று ஒளியைக் கூட்டிக் குறைக்கின்றன. நான் இத்தனை வருடம் ஆய்வுக்கூடத்தில் மின்விளக்கை வைத்து மாய்ந்து மாய்ந்து செய்து பார்த்தும் ஒரு காரல்கூட எனக்குப் பதில் சொன்னதில்லை. அதைவிடக் கேவலம், என் அறைத் தொட்டியில் நான் தீனி போட்டு வளர்க்கும் ஆறும் அந்தப் பக்கத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நன்றி கெட்ட ஜென்மங்கள்.

மேலே படகிலிருந்து எங்களைக் கவனித்துக்கொள்ளும் சேவியர் அண்ணன் பேசினார்.

"டாக்டரம்மா, கேக்குதா? கரையில பூரா கோமதி பாப்பா பேச்சுதான். பேப்பர்ல போடப் போறாவளாம். உங்களுக்கும் வந்துரும், கவலப்படாதீய. இன்னொரு விசயம். புயல் கூண்டு ஏத்திருக்காவ. படக ஹார்பருக்குக் கொண்டு போறோம். வயரக் கழட்டிருவோம், ஒங்க மீட்டரு ஒண்ணும் இனி எங்களுக்குத் தெரியாது. மிதவ ரேடியோவுல தெனம் ஒரு தடவ கூப்பிடுதேன். ரெண்டு அறைக்கும் காத்து கண்ட்ரோல் ஒங்க கையிலதான் இருக்கு. நீங்க இருக்கியங்கற தைரியத்துலதான் போறேன்."

கவலைப்படாதீர்கள் என்று எனக்குச் சொல்கிறார். நான் எப்போது கவலைப்பட்டேன் என்று சொன்னேன்?

மத்தியானம் 1.15. இரண்டு அறைக்கும் நடுவே சின்னச் சாமான்களை அனுப்ப ஒரு குழாய் இருக்கிறது. கோமதி அதில் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருந்தாள். சாப்பிடவில்லை.

ஆறாம் நாள். காலை 6.30

கோமதி 55. நான் பூஜ்யம்.

வலி குறைந்திருக்கிறது. கொப்பளித்தேன். கண்ணாடியின் முன் விளக்கை அணைத்துவிட்டு வாயைத் திறந்தபடி வெகுநேரம் நின்றேன். ஒருமுறை ஏதோ மினுங்கியது மாதிரி இருந்தது. பிறகு ஒன்றுமில்லை. நேற்றும் இப்படித்தான், வருவது மாதிரி வந்து போய்விட்டது. ஆசை காட்டி ஏமாற்றுகிறது.

எனக்குக் குழந்தை கிடையாது. கல்யாணமும் நிற்கவில்லை. அதையெல்லாம் யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே, எனக்கு வீட்டில் கோடிக்கணக்கில் பிள்ளைகள் என்று சொல்வேன். ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு கண்ணாடித் தட்டிலும் ஒவ்வொரு வளர்ப்புக் குழம்பிலும் நான் ஊட்டி வளர்த்த பாக்டீரியா. இப்போது அந்தப் பிள்ளைகள் எதிர்வீட்டில் விளையாடுகின்றன. எனக்கு வயிறு எரிகிறது. விதிப்படி உடல்நிலை மாற்றம் எதுவானாலும் குறிக்க வேண்டும், குறித்துவிட்டேன்.

ஏழாம் நாள். காலை 8.20

கோமதியின் செய்தி.

"மேடம், தப்பா நெனைக்காதீய, ஒண்ணு கேக்கட்டுமா? தெனம் காலைல மஞ்சத் தண்ணி கொப்பளிக்கியளா? நேத்து ஜன்னல் வழியாப் பாத்தேன், தம்ளர்ல மஞ்சளா இருந்துச்சு. மஞ்சள் மேல நீல வெளிச்சம் பட்டா கிருமியக் கொன்னுரும்லா மேடம். ஒங்க தொண்டையில அதுக எரிய ஆரம்பிச்ச ஒடனே அதுக வெளிச்சமே அதுகளக் கொல்லுது. அதான் வர மாதிரி வந்து போயிருக்கும். அதுக ஒங்கள வேண்டாம்னு சொல்லல மேடம்."

கருவியை அணைத்துவிட்டேன்.

அவள் சொல்வது சரி. ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியதில்லை, சரி. மருந்து எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எந்தெந்த மருந்து என்று இரண்டு பக்கத்துக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் அதில் இல்லை. மஞ்சள் என்ன மருந்தா? அது அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் இருப்பது. தொண்டை கரகரத்தால் எங்கள் ஊரில் எல்லோரும் கேள்வி கேட்காமல் செய்வது. மருந்து எடுக்கவில்லை என்று தினமும் குறித்தேன், அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்தவள் நான்தான் என்பது வேறு விஷயம்.

8.50. கருவியைத் திரும்பப் போட்டேன். மறுபடி கோமதி.

"மேடம், கோவமா? நான் என் தொண்டையில இருந்து கொஞ்சம் வழிச்சு எடுத்து குழாயில அனுப்புதேன். மஞ்சள நிப்பாட்டிட்டு அதத் தடவிக்கிடுங்க. நல்லாக் கூட்டமா இருக்கதுனால சீக்கிரம் பிடிச்சுக்கிடும். யாருட்டயும் சொல்ல மாட்டேன் மேடம். ரெண்டு பேருக்கும் வந்துட்டுன்னு சொல்லிருவோம்."

யாரிடமும் சொல்ல மாட்டாளாம்.

கண்டுபிடித்ததோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். இரக்கப்படுகிறாள். நான் பெற்ற பிள்ளையை எனக்கே கொஞ்ச நேரம் தூக்கி வைத்துக்கொள்ளக் கொடுக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏழு நாளில் ஒரே ஒரு முறை அவளிடம் நிஜக் கோபத்தோடு பேசினேன், கருவி அதையும் திருத்தி மென்மையாக்கி அனுப்பியிருக்கும்.

ஏழாம் நாள். காலை 11.00

காற்றுக் கட்டுப்பாட்டுப் பலகை என் அறைச் சுவரில் இருக்கிறது. இரண்டு திருகுகள், ஒன்று எனக்கு, ஒன்று கோமதிக்கு. திருகைக் குறைத்தால் இயந்திரம் ஹீலியத்தை ஏற்றி ஆக்ஸிஜனை மெல்ல மெல்ல இறக்கும்.

ஆக்ஸிஜன் இல்லாமல் இந்த ஒளி எரியாது. கோமதியின் திருகை 0.40இலிருந்து 0.30க்குக் கொண்டுவந்தேன். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. மேலே கரையில் எல்லோரும் சுவாசிப்பது 0.21, அதைவிடக் குறைவு. ஒளி மட்டும் கொஞ்சம் இறங்கும். நான் மஞ்சளை நிறுத்தி என் சொந்தப் பிள்ளைகள் தாமாகக் கூடும் வரை எனக்கு அவகாசம் வேண்டும். அவ்வளவுதான். இது சோதனை வரம்புக்கு உட்பட்டது.

ஏழாம் நாள். மாலை 6.10

கோமதி 78.

இறங்கவில்லை. ஏறியிருக்கிறது.

"மேடம், ஆக்ஸிஜன் 0.30ன்னு காட்டுதே? நீங்களா கொறச்சீய? ஒண்ணுமில்ல, கேட்டேன். வெளிச்சம் ஜோரா இருக்கு."

சோதனைக்காகத்தான், அளவுக்குள் இருக்கிறது, பயப்படாதே என்றேன். "சரி மேடம். நீங்க பாத்துக்கிட்டா எனக்கென்ன பயம்" என்றாள்.

ஏன் ஏறியது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக்ஸிஜன் குறைந்தால் பாக்டீரியா பெருகுவதை நிறுத்திவிடும், கிடைப்பதையெல்லாம் ஒளிக்கே செலவழிக்கும். காரல் மீனும் வளையத்துக்குள் ஆக்ஸிஜனைக் கட்டுப்படுத்தி வைத்துத்தான் வேலை வாங்குகிறது. இதைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதியவள் நான். அந்தக் கட்டுரைக்குத்தான் எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பொறாமை வந்தால் படித்த படிப்பும் கைவிட்டுவிடும் போலிருக்கிறது. அவள் விளக்கை அணைக்கப் போய் நானே திரியைத் தூண்டிவிட்டிருக்கிறேன்.

திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் ஒன்று யோசித்தேன். மிகவும் குறைத்தால் கடைசியில் ஒளி அணைந்துதான் ஆக வேண்டும். அந்த எல்லை எங்கே என்று உலகத்தில் யாரும் அளந்ததில்லை. மனிதருக்கான எல்லை அதற்கு முன்னாலேயே வந்துவிடக்கூடும், அதுவும் தெரியும். கவனமாக இருப்பேன்.

0.20.

எட்டாம் நாள். காலை 6.40

கோமதி 112. நான் பூஜ்யம்.

0.18க்குக் கீழே போனால் அவள் அறையில் மணி அடிக்கும். மணி அடிக்கும் அளவை இங்கிருந்தே மாற்றலாம். 0.08 என்று மாற்றினேன். அவள் அறை ஆக்ஸிஜன் மானியின் முள்ளும் இந்தப் பலகை சொல்வதைத்தான் காட்டும், அதை மறுபடி 0.30 காட்டும்படி நிற்க வைத்தேன். காலையில் தேவையில்லாமல் அவளைப் பதறவைக்க வேண்டாம்.

சேவியர் அண்ணன் ரேடியோவில் வந்தார். "காத்து சரியான காத்து டாக்டரம்மா, ஹார்பர்லயே படகு ஆடுது. ரெண்டு பேரும் சொகந்தான? பாப்பா குரலக் கொஞ்சம் குடுங்க." பாப்பா குளிக்கிறாள் என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் தானாக வந்தது.

0.15.

எட்டாம் நாள். மாலை 4.30

கோமதி 139.

அவள் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். ஜன்னலில் நின்று காரல்களுக்கு வாயைத் திறந்து மூடிக் காட்டுகிறாள். கடலே அந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது, அவ்வளவு மீன். இங்கிருந்து பார்த்தால் அவள் அறை ஜன்னல் முழுவதும் வெள்ளி. என் ஜன்னலில் ஒரு நண்டு.

"அக்கா. ஒங்கள அக்கான்னு கூப்பிடட்டுமா? மேடம் மேடம்னு ஒரே சடவா இருக்கு. அக்கா, நீங்க வேண்டாம்னு சொன்னாலும் நான் எடுத்து டப்பாவுல போட்டு குழாயில வச்சுட்டேன். மூடி போட்டனா இல்லியான்னு ஞாவகம் இல்ல. கோவப்படாதீய. ஒங்களுக்கு வரலன்னா எனக்கு வந்து என்ன பிரயோசனம். எனக்கு ஒரே சிரிப்பா வருது அக்கா. எதுக்குன்னே தெரியல."

எதற்கு என்று எனக்குத் தெரியும். ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் இப்படித்தான், ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பு வரும். பிறகு கணக்கு தப்பும். பிறகு கைகால் சொன்னபடி கேட்காது. பயிற்சி வகுப்பில் இதைக் கோமதிக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

திருகின் மேல் கை வைத்தேன். ஏற்றிவிடத்தான் வைத்தேன், நம்பினால் நம்புங்கள். அப்போது என் தொட்டிக் காரல்களில் ஒன்று அவள் பக்கம் பார்த்தபடி வயிற்று ஒளியை மூன்று முறை மினுக்கியது. எனக்கு ஒருமுறைகூடச் செய்யாததை, என் கண் முன்னால், என் தொட்டியில் இருந்துகொண்டே அவளுக்குச் செய்தது.

0.11.

ஒன்பதாம் நாள். காலை 7.15

கோமதி 163. ஒளி இன்னும் அணையவில்லை. இன்னும் ஏறுகிறது. 0.09க்கு இறக்கினேன்.

"அக்கா. எந்திரிக்க முடியல. தலையில யாரோ கல்ல வச்ச மாதிரி இருக்கு. வெரல் நகமெல்லாம் நீலமா இருக்கு அக்கா. வெளிச்சத்துனாலயா?"

ஆமாம், வெளிச்சத்தால்தான் என்றேன்.

"அப்பம் சரி."

9.40. கூப்பிட்டேன். பதில் இல்லை.

9.50. பதில் இல்லை. படுக்கையில் இருக்கிறாள். ஜன்னலில் பாதி முகமும் கழுத்தும் தெரிகின்றன. வெளிச்சம் அப்படியே இருக்கிறது.

10.05. மணி அடிக்கவில்லை. அளவு 0.09. மணியை எத்தனையில் வைத்தேன் என்று மறந்துவிட்டுப் பலகையில் தேடினேன். 0.08. நான் வைத்ததுதான்.

10.07. திருகை முழுவதும் திறந்துவிட்டேன். 0.40. பிறகு 0.50. கோமதி, கோமதி என்று கருவியில் கத்தினேன். என் குரல் எனக்கே வாத்துக் கத்துவது மாதிரி கேட்டது.

ஒன்பதாம் நாள். மத்தியானம் 1.30

சேவியர் அண்ணன். "புயல் கரையத் தொட்டுட்டு டாக்டரம்மா, இனி கொறஞ்சுரும். நாளைக்கு வெடியங்காட்டி கிளம்பிருவோம். பாப்பா என்ன செய்யி?"

தூங்குகிறாள் என்றேன்.

வெளியே போகும் உடுப்பு மாட்டியிருக்கிறது. இருபது மீட்டர். நீந்திப் போய் அவள் அறைக்குள் ஏறலாம். உடுப்பைப் போட்டேன், தலைக்கவசம் வரை போட்டேன். கதவுக்கு முன்னால் போய் நின்றேன். திரும்பி வந்து கழற்றிவிட்டேன். போனால் பார்க்க வேண்டியிருக்கும். இங்கிருந்து பார்த்தால் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

வெளிச்சம் இருப்பதால் உயிர் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஏலக்கூடத்தில் செத்த மீன்கூட ஒரு நாள் வரை ஒளிரும். உயிர் இல்லை என்றும் சொல்ல முடியாது.

மாலை 5.00. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஆக்ஸிஜன் ஏறியதும் பாக்டீரியா மறுபடி பெருகத் தொடங்கியிருக்கிறது. உயிருள்ள மீன் மிஞ்சிய பாக்டீரியாவைத் தினமும் குடலுக்குள் தள்ளிவிடும். மனிதர் எச்சில் விழுங்கும்போது அதே வேலை நடக்கும். கோமதியின் ஒளி இப்போது வளையத்துக்குள் நிற்கவில்லை. தாடைக்கு வந்திருக்கிறது. உதட்டோரத்தில் வழிந்து தலையணையில் ஒரு பட்டை. அவள் எச்சில் விழுங்கவில்லை.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதப் போவதில்லை.

காரல்கள் போகவில்லை. ஒன்றுகூடப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே அடுக்கடுக்காக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. வாயைத் திறந்து மூட ஆள் இல்லாத பிறகும் அவள்தான் வேண்டுமாம்.

குழாயைத் திறந்தேன். டப்பா இருந்தது. மூடி போட்டிருந்தாள், இறுக்கமாக. உள்ளே வழித்தெடுத்தது ஒரு சிட்டிகை, கையில் எடுத்தபோதே ஒளிர்ந்தது. மஞ்சள் பொட்டலத்தைக் கழிவில் போட்டேன். தொண்டை முழுவதும் தடவிக்கொண்டேன். உப்பு ருசி.

பத்தாம் நாள். காலை 6.00

எனக்கு வந்துவிட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். அழுதேன். கழுத்துக்குள் நீலப் பச்சை. ஒளிமானி 22. பிறகு 26. இத்தனை வருடம் கழித்து என் பிள்ளைகள் என்னிடம் வந்துவிட்டன. அவள் தொண்டையிலிருந்து வந்தால் என்ன, ஆரம்பத்தில் என்னிடமிருந்து போனவைதானே.

தொட்டிக்கு முன்னால் போய் வாயைத் திறந்து மூடினேன். ஆறில் இரண்டு திரும்பிப் பார்த்தன.

நான்கு பார்க்கவில்லை.

கோமதி 190.

பத்தாம் நாள். காலை 8.45

என் திருகு 0.20. நான் 51.

எப்படிக் கூட்டுவது என்று எனக்குத்தான் தெரியும். கட்டுரை எழுதியவள் நான்.

நாலு காரல் வெளியிலிருந்து என் ஜன்னலுக்கு வந்தன. வெளியிலிருந்து. தாமாகவே. நண்டு போய்விட்டது.

9.30. என் அறை மணியையும் 0.08க்கு மாற்றினேன். 0.14. நான் 88. தலை லேசாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது. கோமதி அறை முழுக்க வெளிச்சம், சுவரிலும் கையிலும் எங்கே பார்த்தாலும். அது ஏமாற்று. அவள் எதுவும் செய்யாமல் படுத்துக்கொண்டே. நான் மெனக்கெட்டுச் செய்கிறேன்.

பத்து பன்னிரண்டு மீன். அவளுக்கு எத்தனை என்று எண்ண முயன்றேன், எண்ணிக்கை எங்கேயோ நழுவிப் போகிறது. ஒரே சிரிப்பாக வருகிறது.

பத்தாம் நாள். 10

மணி என்ன என்று சரியாகத் தெரியவில்லை. 0.10. நான் 120 ஏதோ. எழுத்து கோணுகிறது. நகம் நீலம். வெளிச்சத்தால்தான்.

மேலே படகுச் சத்தம். சேவியர் அண்ணன் பேசுகிறார்.

"டாக்டரம்மா, வந்துட்டோம். வயர் மாட்டுதோம், கேமராவ எறக்கிட்டோம். ரெண்டு அறையிலயும் வெளிச்சம் தெரியுது, மாதாவே, என்னா அழகு. ஒண்ணு அப்படியே பளீர்னு இருக்கு. இன்னொண்ணு கொஞ்சம் மங்கல். டாக்டரம்மா, மங்கலா இருக்கது யாரு? கேக்குதா? மங்கலா இருக்கது யாரு, சொல்லுங்க."

சொல்ல மாட்டேன்

அண்ணே கொஞ்சம் பொறுங்கள் திருகு இன்னும் அரைச் சுற்று இருக்கிறது